அம்மாவுக்கு ரூம்ல சூப், உங்களுக்கு டேஸ்டிங் மெனுவா?

கேள்வி: கல்யாணமாகி பத்து வருஷம் ஆகுது. நல்ல ரெஸ்டாரன்ட் இருக்கற ஹோட்டல்ல ரெண்டு நைட் தங்கி, மனைவியோட சாப்பாட்டுக்காகவே ஒரு ட்ரிப் போகணும்னு ரொம்ப நாள் ஆசை. மொனாக்கோல ஹோட்டல் த பாரிஸ் (லூயி கேன்ஸ் ரெஸ்டாரன்ட்), பிரான்ஸ் வலான்ஸ்ல மேசோன் பிக், இந்த ரெண்டுல எதுன்னு குழப்பம். பொண்ணுக்கு ஏழு வயசு, அவளைப் பார்த்துக்க அம்மாவும் வர்றாங்க. அவங்களுக்கு இந்த சாப்பாடெல்லாம் புரியாது, ரூம்லயே சூப் ஏதாவது சொல்லிடலாம். எது பெஸ்ட்? பெயர் வேண்டாம்.

பதில்: தம்பி, ரெண்டுமே நல்ல இடம்தான், அதைச் சொல்ல நான் வேண்டியதில்ல. லூயி கேன்ஸ் 1987ல பிரெஞ்சு சமையல்காரர் அலன் டுகாஸ் கைக்கு வந்தது, 1990ல மூணு மிஷலின் ஸ்டார் வாங்குச்சு (மிஷலின்னு ஒரு பிரெஞ்சு கைடு ரெஸ்டாரன்டுக்குக் குடுக்கற ஸ்டார், மூணுதான் உச்சம்), ஹோட்டலுக்குள்ள இருக்கற ஒரு ரெஸ்டாரன்டுக்கு மூணு ஸ்டார் கிடைச்சது அதுதான் முதல் தடவை. பிக் வேற மாதிரி, அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல அந்த சூப்பைப் பத்திப் பேசுவோம்.

"அவங்களுக்குப் புரியாது"ன்னு எழுதியிருக்கீங்க. அம்மாகிட்ட கேட்டீங்களா? கேட்டிருந்தா "அம்மா வேண்டாம்னுட்டாங்க"ன்னு எழுதியிருப்பீங்க. கேக்கல. டேஸ்டிங் மெனுன்னா சின்னச் சின்னதா ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும், உட்காந்தா மூணு மணி நேரம் போயிடும். அந்த மூணு மணி நேரமும் பாஷை தெரியாத ஊர்ல, ரிசப்ஷனுக்கு போன் போட்டா என்ன பேசறதுன்னு தெரியாம, தூக்கம் வராம அழற பிள்ளையோட உங்க அம்மா மாடி ரூம்ல உட்காந்திருக்கணும், நீங்க கீழ எந்த ஐட்டத்துக்கு எந்த ஒயின்னு பார்த்துட்டு இருப்பீங்க. இதுக்குப் பேரு அம்மாவை டூர் கூட்டிட்டுப் போறதா? சம்பளம் இல்லாத ஆயா வேலைக்கு டிக்கெட் போட்டிருக்கீங்க, அவ்வளவுதான். இதே மாதிரி கடிதம் எனக்கு நிறைய வருது, ஊரும் ஹோட்டலும்தான் மாறுது, ரூம்ல உட்கார வைக்கறது மட்டும் எப்பவும் பெரியவங்களைத்தான்.

ஹோட்டல் சாப்பாட்டை இந்த அளவுக்குப் பெரிய விஷயமாக்கினதே லண்டன் சவாய் ஹோட்டல்ல மேனேஜர் சேசர் ரிட்ஸும் சமையல்காரர் எஸ்கோஃபியேவும்தான், 1890 வாக்குல. பெரிய வீட்டுப் பெண்கள் வெளிய வந்து நாலு பேர் முன்னாடி சாப்பிடறதே வழக்கமில்லாத காலம் அது, அவங்க தைரியமா வந்து உட்கார்ற மாதிரி டைனிங் ரூமை மாத்தினாங்க ரெண்டு பேரும். அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, நீங்க உங்க வீட்டுப் பெரிய பொம்பளையை மறுபடி ரூமுக்கே அனுப்பறீங்க.

இப்போ பிக். இது குடும்பம் குடும்பமா வந்த அடுப்பு. ஆந்த்ரே பிக் 1934ல மூணு ஸ்டார், மகன் ஷாக் 1973ல, பேத்தி ஆன்-சோஃபி 2007ல. இதுக்கெல்லாம் முன்னாடி சின்ன சத்திரம் மாதிரி ஒண்ணு வெச்சு சமைச்சுட்டு இருந்தது ஆந்த்ரேவோட அம்மா, பேரு சோஃபி. ஒரு அம்மா கைப்பக்குவத்துல ஆரம்பிச்ச இடத்துக்குப் போய் உங்க அம்மாவுக்கு மட்டும் ரூம் சர்வீஸா!

என்னைக் கேட்டா வலான்ஸ் போங்க. அங்க பெரிய ரெஸ்டாரன்ட் தவிர ஆந்த்ரே பேர்லயே ஒரு பிஸ்ட்ரோவும் (சாதாரணமா உட்காந்து சாப்பிடற சின்ன ரெஸ்டாரன்ட்) இருக்கு, குழந்தையோட நாலு பேரும் நிம்மதியா உட்காரலாம், முதல் நாள் ராத்திரி அங்க சாப்பிடுங்க. பெரிய சாப்பாட்டை மறுநாள் மத்தியானத்துக்கு மாத்திக்குங்க, இந்த மாதிரி இடங்கள்ல லஞ்ச் பெரும்பாலும் டின்னரை விட சின்னது, விலையும் குறைச்சல், வயசானவங்களுக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் காத்திருக்கற தொல்லையும் இல்ல. எதை சாப்பிடக் கூடாது, சர்க்கரை இருக்கா, எல்லாத்தையும் புக் பண்ணும்போதே எழுதிடுங்க, மேஜைல வந்து சொன்னா கிச்சனால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. குழந்தைக்கு வயசுக் கட்டுப்பாடு உண்டா, சின்ன மெனு தருவாங்களான்னும் கேட்டுக்குங்க.

இன்னொண்ணு, ரூம் போட்டுட்டா டேபிள் தானா கிடைக்கும்னு நினைச்சுடாதீங்க, டேபிளைத் தனியா புக் பண்ணணும். ஹோட்டல் தினமும் திறந்திருந்தாலும் இந்த மாதிரி ரெஸ்டாரன்ட் வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் மூடியிருக்கும், அதனால டேபிள் தேதியை முதல்ல வாங்கிட்டு அப்புறம் ரூமும் பிளைட்டும் போடுங்க. ஸ்டார் சமையலுக்குக் குடுக்கறது, கட்டிலுக்கு இல்ல. ஹோட்டலுக்குன்னு மிஷலின் 2024லேர்ந்து சாவின்னு வேற ஒண்ணு குடுக்குது, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்க வேண்டாம்.

(உங்க மனைவி என்ன நினைக்கறாங்கன்னு கடிதத்துல ஒரு வரி கூட இல்ல, அதையும் கவனிச்சேன்.)

நீங்களும் மனைவியும் தனியா சாப்பிடணும்னு ஆசைப்படறது தப்பே இல்ல, பத்து வருஷம் ஆயிருக்கு, போங்க. அப்படின்னா அம்மாவுக்கு டிக்கெட் போடாதீங்க, பிள்ளையைப் பார்த்துக்க ஆள் ஏற்பாடு பண்ணித் தருவீங்களான்னு ஹோட்டல்லயே கேட்டு அதுக்கு உண்டான காசைக் குடுங்க. அம்மா வர்றாங்கன்னா, இன்னிக்கு ராத்திரியே அந்த மெனுவை அவங்ககிட்ட காட்டி ஒவ்வொண்ணா படிச்சு சொல்லுங்க, என்ன வேணும்னு அவங்களே சொல்லட்டும், அப்புறம் ரெஸ்டாரன்டுக்கு மெயில் அனுப்புங்க.