செயின்ட் எல்மோஸ் ஃபயர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் குழுவை வைத்து எடுக்கப்பட்ட படங்களைப் பற்றிய உங்கள் குறிப்பில், 1985இல் வந்த ‘செயின்ட் எல்மோஸ் ஃபயர்’ உங்களுக்குப் பிடிக்காது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது தாங்கவில்லை. கல்லூரி முடித்த வருடம் விடுதி அறையில் நாங்கள் ஆறு பேர் வாடகை வீடியோ கேசட்டில் பார்த்த படம் அது. அந்த ஆறு பேரும் இன்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். பில்லி பஸ் ஏறும் இடம் வரும்போது இப்போதும் கண் கலங்கிவிடும். படத்தின் தலைப்புப் பாட்டு இன்னும் என் கைபேசியில் இருக்கிறது.

அந்தப் பாத்திரங்கள் சுயநலக்காரர்கள், பொறுப்பில்லாதவர்கள் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இருபத்திரண்டு வயதில் எல்லோரும் அப்படித்தானே சார்? ஒரு படத்தில் வருகிறவர்கள் நல்லவர்களாக இருந்தால்தான் பிடிக்கும் என்று சொல்கிறவர் நீங்கள் இல்லை. பிறகு ஏன் இந்தப் படத்தின் மேல் மட்டும் இவ்வளவு கோபம்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். படம் பார்க்காதவர்களுக்காக முதலில் கதைச் சுருக்கம். வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதி. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் பட்டம் வாங்கிய ஏழு நண்பர்கள். அவர்கள் கூடுகிற மதுக்கடையின் பெயர்தான் செயின்ட் எல்மோஸ். கிர்பி அங்கே பரிமாறிக்கொண்டே சட்டம் படிக்கிறான். பில்லி சாக்ஸபோன் வாசிப்பவன், குடிகாரன், அந்த வயதிலேயே மனைவியும் கைக்குழந்தையும் உண்டு. கெவின் பத்திரிகையில் இரங்கல் குறிப்பு எழுதுகிறான். அலெக் அரசியலில் மேலே போகத் துடிப்பவன். அவனோடு ஒரே வீட்டில் வாழ்கிறாள் லெஸ்லி. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு கொக்கெய்னிலும் கடனிலும் மூழ்குகிறாள் ஜூல்ஸ். வெண்டி பணக்கார வீட்டுப் பெண், நலத்துறை அலுவலகத்தில் வேலை செய்கிறாள். இயக்கியவர் ஜோயல் ஷுமாக்கர், கார்ல் கர்லாண்டரோடு சேர்ந்து எழுதியது.

இந்த ஏழு பேரின் சுயநலம் எனக்கு ஒரு பிரச்சினையே இல்லை. நீங்கள் சொல்வது சரி, அந்த வயது அப்படித்தான். என் கோபம் அவர்கள் மேல் இல்லை, படத்தின் மேல். அவர்கள் யாரை மிதித்துக்கொண்டு போகிறார்கள் என்பதைப் படம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

கிர்பியின் கதையை எடுத்துக்கொள்வோம். கல்லூரியில் அவனுக்கு மூத்தவளான டேலை மருத்துவமனையில் பார்க்கிறான். அவள் இப்போது டாக்டர். அவ்வளவுதான், வாழ்க்கையே அவள்தான் என்று முடிவு செய்துவிடுகிறான். சைக்கிளில் பின்தொடர்கிறான். அவள் போன விருந்துக்கு வெளியே மழையில் நிற்கிறான். அவளைக் கவர்வதற்காகவே வேலை மாறுகிறான், முதலாளியின் வீட்டில் விருந்து வைக்கிறான். அவள் வரவில்லை என்றதும் அவள் பனிச்சறுக்குக்குப் போயிருக்கும் மலைவீடு வரைக்கும் காரை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான். அங்கே அவளுடைய காதலன் இருக்கிறான். இரவு அங்கேயே தங்கவேண்டியதாகிவிடுகிறது. காலையில் கிளம்பும்போது அந்தக் காதலன் கையில் கேமராவோடு நிற்க, கிர்பி அவளை இழுத்து முத்தமிடுகிறான். அப்புறம் ஏதோ கோட்டையைப் பிடித்தவன் மாதிரி காரில் போகிறான், இசை பொங்குகிறது.

இதில் டேலுக்கு என்ன நடந்தது? நாள் முழுக்க மருத்துவமனையில் உழைக்கிற ஒரு பெண். பேருக்குத் தெரிந்த ஒருவன் அவள் போகும் இடத்துக்கெல்லாம் வந்து நிற்கிறான், மலைமேல் இருக்கும் வீட்டுக்கதவைத் தட்டுகிறான். அவளுக்குப் பயமாக இருந்திருக்காதா? அந்தக் கேள்வி படத்துக்குத் தோன்றவே இல்லை. டேலாக நடித்த ஆன்டி மக்டவலுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, மென்மையாகச் சிரித்து, அவன் செய்ததெல்லாம் தனக்குப் பெருமைதான் என்கிற மாதிரி நிற்பது. கர்லாண்டர் இளமையில் ஒரு பெண்மேல் கொண்ட ஒருதலைக் காதலைச் சிறுகதையாக எழுதியதிலிருந்துதான் இந்தத் திரைக்கதை முளைத்தது. அது தெரிந்தபோது எனக்குக் கிர்பி பகுதி கொஞ்சம் விளங்கியது. காதலித்தவனின் நினைவு அது. காதலிக்கப்பட்டவளிடம் யாரும் கேட்கவில்லை.

‘அந்தக் காலத்தில் எல்லாப் படமும் அப்படித்தான்’ என்று நீங்கள் சொல்லலாம். இல்லை. மூன்று வருடம் முன்னால், 1982இல், பாரி லெவின்சன் ‘டைனர்’ எடுத்தார். அதுவும் இருபதுகளில் இருக்கும் நண்பர்கள் கூட்டம்தான், அதுவும் ஒரு கடையில்தான் கூடுகிறார்கள். கதை நடப்பது பால்டிமோரில், வாஷிங்டனிலிருந்து காரில் ஒரு மணிநேரத் தூரம். காலம் 1959இன் கடைசி நாட்கள். இந்த ஏழு பேரை விடப் பெண்களிடம் மோசமாக நடக்கிறவர்கள் அவர்கள். எட்டி தன் வருங்கால மனைவிக்குக் கால்பந்தாட்டக் கேள்வித்தாள் வைத்து, அதில் தேறினால்தான் கல்யாணம் என்கிறான்.

இரண்டு படத்திலும் இசைத்தட்டை வைத்து ஒரு சண்டை வருகிறது. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

‘செயின்ட் எல்மோஸ் ஃபயர்’இல் அலெக்கும் லெஸ்லியும் பிரிகிறார்கள். யாருக்கு எந்த இசைத்தட்டு என்று பேச்சு வரும்போது, பாடகர் ஸ்பிரிங்ஸ்டீனின் தட்டு ஒன்றுகூட இந்த வீட்டை விட்டுப் போகாது என்று அவன் கத்துகிறான். இன்னொரு பாடகரான பில்லி ஜோயலின் தட்டுகளை அவள் எடுத்துக்கொள்ளலாமாம், அதிலும் ஒன்றைத் தவிர. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. அதே அலெக் வேறு பெண்களோடு போய்வருகிறவன், கல்யாணம் ஆனால் தானாகச் சரியாகிவிடும் என்று நம்புகிறவன், அவளைக் கேட்காமலேயே எல்லோர் முன்னாலும் நிச்சயதார்த்தம் என்று அறிவித்தவன். அவள் இழந்தது என்ன என்று யோசிக்கவேண்டிய இடத்தில் படம் நமக்கு ஒரு நல்ல வசனத்தைக் கொடுத்து நகர்ந்துவிடுகிறது.

‘டைனர்’இல் ஷ்ரீவி தன் மனைவி பெத்திடம் கத்துகிறான். பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் தட்டு ஒன்றை அவள் தவறான வரிசையில் வைத்துவிட்டாளாம். தன் இசைத்தட்டுகளின் ஒழுங்கு பற்றி அவன் அடுக்கிக்கொண்டே போகிறான். முதலில் நமக்கும் சிரிப்புதான் வருகிறது. மெல்ல அந்தச் சிரிப்பு நின்றுவிடும். அவன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனபிறகு நமக்கு மிஞ்சுவது அழுதுகொண்டிருக்கும் பெத். பெத்தாக நடித்த எலன் பார்க்கின் அந்த ஒரு காட்சியில் அந்தத் திருமணம் முழுவதையும் நமக்குக் காட்டிவிடுகிறார். அதற்குப் பிறகு ஷ்ரீவி நண்பர்களோடு கடையில் உட்கார்ந்து அரட்டை அடிக்கும்போது நம்மால் முன்பு போலச் சிரிக்க முடிவதில்லை. அவனை வெறுக்கவும் முடிவதில்லை. இது தெரிந்த படம் எனக்கு வேண்டும்.

இன்னும் முப்பது வருடம் பின்னால் போனாலும் இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் ‘இ விடெல்லோனி’ இருக்கிறது, 1953. அதில் வரும் ஃபௌஸ்டோ கிட்டத்தட்ட நம் பில்லிதான். அழகன், மனைவியும் குழந்தையும் உள்ளவன், பெண்கள் பின்னால் அலைகிறவன். கடைசியில் அவன் அப்பா பெல்ட்டைக் கழற்றி விளாசுகிறார். பில்லிக்கு அந்த அடி விழவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஃபெலினி ஃபௌஸ்டோவின் மனைவியைக் குழந்தையோடு வீட்டைவிட்டுப் போகவைத்து, ஊரெல்லாம் அவளைத் தேடவைத்து, அவளுடைய துக்கத்துக்குப் படத்தின் கடைசிப் பகுதியைக் கொடுத்திருக்கிறார். பில்லியின் மனைவி ஃபெலிசியாவுக்குக் கிடைப்பது என்ன? மதுக்கடையில் அவள் வேறொருவனோடு வந்ததற்காகப் பில்லி போடும் சண்டை, வாசலில் ஒரு சமாதான முத்தம். நீங்கள் கண் கலங்கும் அந்தப் பஸ் நிலையக் காட்சியில் எல்லோரும் பில்லியைத்தான் கட்டிக்கொள்கிறார்கள். என் மனம் அந்தக் கைக்குழந்தையிடம்தான் போகிறது.

இனி ஜூல்ஸ். என் கோபத்தின் மையம் இதுதான். வேலை போய்விட்டது, கடன் கொடுத்தவர்கள் வீட்டுச் சாமான்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், அப்பாவிடம் பேச்சுவார்த்தை இல்லை. குளிரில் ஜன்னல்களைத் திறந்துவைத்து, அறையைப் பூட்டிக்கொண்டு, சாகக் கிடக்கிறாள். நண்பர்கள் கதவை உடைக்கப் பார்க்கிறார்கள். கடைசியில் உள்ளே போய்ப் பேசுகிறவன் பில்லி. கொஞ்ச நாள் முன்னால் இதே ஜூல்ஸிடம் ஜீப்பில் பலவந்தமாக நடந்து, அவள் கத்தி வெளியே தள்ளிய அதே பில்லி. ஒரு ஸ்பிரேயைப் பற்றவைத்துத் தீப்பிழம்பு காட்டி, செயின்ட் எல்மோவின் நெருப்பைப் பற்றிச் சொல்கிறான். மாலுமிகள் அதை நம்பித்தான் கப்பல் ஓட்டினார்களாம், உண்மையில் அப்படி ஒரு நெருப்பே கிடையாதாம், அவர்களாகக் கற்பனை செய்துகொண்டதாம். நீயும் இதையெல்லாம் அப்படித்தான் கற்பனை செய்துகொள்கிறாய் என்கிறான்.

அந்த நெருப்பு உண்மையில் உண்டு. இடிமழை நேரத்தில் காற்றில் மின்புலம் மிகவும் வலுக்கும்போது, பாய்மரத்தின் உச்சி மாதிரியான கூர்மையான நுனிகளில் நீலமும் ஊதாவுமாக ஒளி கசியும். அது ஒரு மின்னிறக்கம். மாலுமிகள் தங்கள் காவல் புனிதரான எராஸ்மஸின், அதாவது எல்மோவின், அருள் என்று அதை எடுத்துக்கொண்டார்கள். விமானங்களின் மீதுகூட அது தெரிவதுண்டு. படத்தின் பெயரே அதுதான், அதன் உச்சக்கட்டப் பேச்சே அதைப் பற்றித்தான், அதையே தப்பாகச் சொல்கிறார்கள். பில்லிக்குத் தெரியாமல் இருக்கலாம், அது பாத்திரத்தின் அறியாமை என்று விட்டுவிடுவேன். ஜூல்ஸின் கஷ்டமும் கற்பனைதான் என்பதைப் படமும் ஒப்புக்கொள்கிறதே, அதைத்தான் விடமுடியவில்லை. கொக்கெய்ன் பழக்கம் கற்பனையா? அந்தப் பேச்சு முடிந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அடுத்து வரும் காட்சிகளில் நண்பர்களோடு நன்றாக இருக்கிறாள்.

படப்பிடிப்புக்கு வெளியே என்ன நடந்தது தெரியுமா? ஜூல்ஸாக நடித்த டெமி மூர் அப்போது நிஜமாகவே குடியிலும் போதையிலும் சிக்கியிருந்தார். ஷுமாக்கர் அதைக் கவனித்தார். சிகிச்சைக்குப் போனால்தான் இந்தப் படத்தில் வேடம் என்று நிபந்தனை வைக்கப்பட்டது. அவர் போனார். படப்பிடிப்பின்போது துணைக்கும் ஓர் ஆள் கூடவே இருந்தார். டெமி மூர் இதைப் பின்னாளில் தானே சொல்லியிருக்கிறார். ஷுமாக்கர் அந்தப் பெண்ணுக்குச் செய்தது எவ்வளவு பெரிய காரியம்! டெமி மூரிடம் போய் இதெல்லாம் உன் கற்பனை என்று யாரும் சொல்லவில்லை. சிகிச்சை கொடுத்தார்கள், கூட ஆள் போட்டார்கள். இவ்வளவு தெரிந்த ஒரு மனிதர் தன் படத்தில் ஜூல்ஸுக்கு அதில் ஒரு துளியைக்கூடக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதனால்தான்.

நடிகர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. படம் வந்த அதே ஜூன் மாதம் ‘நியூயார்க்’ பத்திரிகையில் டேவிட் ப்ளம் எழுதிய கட்டுரை இவர்களுக்கு ‘பிராட் பேக்’, அதாவது அடங்காத பிள்ளைகளின் கூட்டம், என்று பட்டம் கட்டியது, அது பல வருடம் அவர்களை விடவில்லை. அநியாயம் அது. மேர் வின்னிங்ஹாமின் வெண்டி எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம். பில்லி கேட்கும்போதெல்லாம் பணம் கொடுத்துக்கொண்டிருந்தவள், அப்பா வீட்டை விட்டுத் தனியாக வந்து, நடுராத்திரியில் தானே ஒரு சாண்ட்விச் செய்து சாப்பிட்டதைச் சொல்கிறாள் பாருங்கள், அந்தச் சந்தோஷம் முழு உண்மை. அந்த இடம் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கக்கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

அந்தப் பாட்டு எனக்கும் பிடிக்கும். ஜான் பாரும் டேவிட் ஃபாஸ்டரும் அதை எழுதியபோது மனதில் இருந்தவர் ரிக் ஹான்சன், சக்கர நாற்காலியிலேயே உலகைச் சுற்றிவர 1985இல் கிளம்பிய கனடாக்காரர். நீங்கள் கேட்கும்போது அவரை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

உங்கள் விடுதி அறையும் அந்த ஆறு பேரும் உங்களுடையவை. அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ‘டைனர்’ பார்த்திருக்கிறீர்களா என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. இல்லையென்றால் பாருங்கள். பெத்தின் காட்சியைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றியது என்று கட்டாயம் எழுதுங்கள்.

அன்புடன்.