எங்கள் ஒழுங்கையில் திரியும் தெருப் பூனைகளின் வைத்தியச் செலவுக்கு முகநூலில் காசு கேட்டால் ஒருவரும் தருவதில்லையே, எப்படித்தான் கேட்பது?

கேள்வியில் "ஒழுங்கை" என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே எங்கட யாழ்ப்பாணப் பக்கம்தான். காயப்பட்ட ஒன்றைத் தூக்கி வந்திருப்பீர்கள், அது ஏழாகியிருக்கும், இப்போது மருந்துக்கடையில் கடன். உதவி கேட்டுப் படம் போட்டால் அழுகிற முகம் நாற்பது விழும், காசு விழாது. சரியா?

நான் கோண்டாவிலில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய ஆட்டுக்கொட்டிலில் 19 பூனைகள் வைத்திருக்கிறேன். நிறுவனம் கிறுவனம் ஒன்றும் இல்லை. "மனுசருக்கே மருந்தில்லை, உனக்குப் பூனை கேக்குதோ" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன்: 2022 மருந்துத் தட்டுப்பாட்டில் அம்மாவின் பிரஷர் குளிசையைத் தேடிக் கடை கடையாக அலைந்தவள் நான். அதுவும் செய்தேன், இதுவும் செய்தேன்.

அந்த வருடம் ஆவணியில்தான் இந்தக் கதை. சாம்பல் என்று ஒரு பெட்டைப் பூனை, பின்னேரம் மோட்டார் சைக்கிள் அடித்துவிட்டுப் போய்விட்டது. பின்னங்கால் இரண்டும் இழுபட, முன்னங்காலால் ஊர்ந்து எங்கள் படலைக்கு வந்தது. வைத்தியரிடம் காலையில்தான் போகலாம். இரவு முழுக்க அது போட்ட சத்தம் தாங்காமல் அரைப் பரசிற்றமோல் குளிசையைப் பொடித்துப் பாலில் கரைத்துப் பருக்கினேன். மனுசருக்கு நோவென்றால் அதைத்தானே கொடுப்போம்.

காலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பெலும்பு மூன்று இடத்தில் உடைவு. எலும்பு வேலைக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார் வைத்தியர். கண்டி வீதியால் 320 கிலோமீற்றர். பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோடு காட்டி அளவாகத்தான் அடிக்கலாம் என்றிருந்த நேரம், ஒரு வான் வண்டிக்குக் கிழமைக்கு 20 லீற்றர். கணக்குப் பார்த்து, வாசலில் நின்றபடியே 70,000 ரூபா வேண்டும் என்று காணொளியோடு போட்டேன். அப்போதும் காசு இப்படி வரும் என்று நான் நினைக்கவில்லை. பேபாலில் அப்போது இங்கிருந்து காசு அனுப்பலாமே தவிர வாங்க ஏலாது, அதனால் வெளிநாட்டுக்காரர் தங்கள் சொந்தக்காரர் மூலம் என் வங்கிக் கணக்கில் போட்டார்கள்.

திரும்பி உள்ளே போனால் வைத்தியர் பூனையின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். பல் முரசு ரோசா நிறமாக இருக்க வேண்டியது, தேயிலைச் சாயம் மாதிரிக் கபிலமாக இருந்தது. முகமும் வீங்கத் தொடங்கியிருந்தது.

"அக்கா, என்ன குடுத்தனீங்கள்?"

சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். பூனையின் ஈரலால் அந்த மருந்தை எங்களைப் போல முறிக்க ஏலாதாம், அது இரத்தத்தையே கெடுத்து ஒட்சிசனைக் கொண்டுபோக விடாதாம். அரைக் குளிசை போதும் கொல்லுவதற்கு. மாற்று மருந்தை நாலாவது கடையில் கண்டுபிடித்துக் கொண்டுவந்தேன். அடுத்த நாள் விடியப்புறம் மூன்று மணிக்குச் சாம்பல் செத்தது.

இனித்தான் நான் செய்த அநியாயம். மூன்று நாள் வாய் திறக்கவில்லை. போன் ஒவ்வொரு தடவையும் "டிங்" என்றது, 500, 2,000, 1,000. செத்த பிறகு மட்டும் 14,000 வந்தது. விபத்து என்று சொல்லிக் காசு கேட்டவள், கொன்றது என் குளிசை என்று எப்படி எழுதுவது? நாலாம் நாள் கனடா ஸ்காபரோவில் இருக்கும் மச்சாளின் மகன், ஒன்பது வயது, வைபரில் குரல் அனுப்பினான்: "மாமி, சாம்பல் நடக்குதா? வீடியோ எடுத்து விடுங்கோ." அவன் தன் உண்டியலை உடைத்தவன்.

அன்றிரவே எல்லாவற்றையும் எழுதினேன், குளிசையையும் சேர்த்து. வந்தது 71,500, செலவு 18,400, மீதி 53,100, கேட்பவர்களுக்குத் திருப்பித் தருவேன். இரண்டு பேர் கேட்டார்கள், 5,000 போனது. ஒரு பெண் "பூனையை வித்துத் தின்றவள்" என்று எழுதினா, அதை நான் அழிக்கவில்லை. மிச்சப் பேர் மற்றதுகளுக்குச் செலவழி என்றார்கள். அந்தப் பட்டியலில் இருந்து 11 பேர் இன்றைக்கும் மாதம் ஆயிரம் போடுகிறார்கள். அழுகைப் படம் போட்டு ஒருநாளும் கிடைக்காத காசு இது.

ஆகவே, படம் போடுவதை விடப் பற்றுச்சீட்டைப் போடுங்கள். ஒரு பூனை, ஒரு தொகை. வைத்தியர் சம்மதித்தால் அவருடைய கணக்கு இலக்கத்தையே கொடுங்கள், உங்களுடையது வேண்டாம். செத்தால் அன்றைக்கே சொல்லுங்கள். நான் ஒரு சிஆர் கொப்பியில் ஒவ்வொரு பூனைக்கும் ஒரு பக்கம் போட்டுப் படம் எடுத்துப் போடுகிறேன்.

சத்திரசிகிச்சை முடிந்த பூனைக்கு இருட்டும் அமைதியும் வேண்டும், அதற்கும் இடம் பாருங்கள். எனக்கு அது வாய்க்கவில்லை. எங்கள் ஒழுங்கைக் கோயிலில் விடிய நாலரைக்கு ஒலிபெருக்கி தொடங்கும். நானும் நல்லூர்த் திருவிழா 25 நாளும் மச்சமாமிசம் தொடாதவள்தான், என்னைச் சமயத்துக்கு எதிரானவள் என்று யாரும் வரவேண்டாம். ஆனால் முருகனுக்குக் காது கேட்காதா? ஏஎல் சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீடு ஆறு. போய்க் கேட்டால், "தங்கச்சி, உங்கட பூனை கத்துறதை நாங்கள் கேட்டமோ?" என்கிறார் கோயில் தலைவர். சரி, விடுங்கள்.

சாம்பலின் பக்கத்தில் கடைசி வரி "மீதி 48,100, அடுத்த பக்கம்". அடுத்த பக்கத்தில் கண்ணில் சீழ் பிடித்த மூன்று குட்டிகள், மீன் சந்தை வாசலில் சொப்பிங் பையில் கட்டிப் போட்டிருந்ததுகள். மச்சாளின் மகனுக்கு மாதாமாதம் வீடியோ அனுப்புவது அதுகளைத்தான். ஒன்றுக்கு அவன் சாம்பல் என்றே பெயர் வைத்திருக்கிறான், அது செம்மஞ்சள் பூனை.