பாணிக்கு வழக்கில்லை, காலண்டருக்கு உண்டு

கேள்வி: வேலூரில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறேன். புராஜெக்டுக்காகக் குடியாத்தம் லுங்கி நெசவாளர்கள் பத்துப் பேரை, அமெரிக்கப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடான் பாணியில் வெள்ளைப் பின்னணியில் எடுத்தேன். 'திருட்டு' என்று ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். ஒரு பெரியவரின் படத்தைத் துணிக்கடைக்கு 8,000 ரூபாய்க்குக் கொடுத்தேன், காலண்டரில் போட்டுவிட்டார்கள். அவர் மகன் 2 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அவெடான் தரப்பும் வழக்குப் போடுமா?

பதில்: போடாது. எண்ணத்துக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை இல்லை என்று 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாணியும் அந்தக் கணக்குதான். உடல் முழுக்கத் தேனீ மொய்க்க நிற்பவரை அவெடான் எடுத்தாரே, அதுபோன்ற ஒரு படத்தையே அச்சு அசலாக மறுபடி அமைத்திருந்தால் வேறு பேச்சு. மதிப்பெண் சங்கதியைக் கல்லூரியில் பேசிக்கொள்ளுங்கள்.

உங்களைச் சிக்கவைப்பது அந்த 8,000 ரூபாய். படம் உங்களுடையது, முகம் அவருடையது. அனுமதியில்லாமல் ஒருவர் உருவத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது தனியுரிமை மீறல் என்பதை 1994-இல் நக்கீரன் ராஜகோபால் வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது. "போட்டோ எடுக்கச் சம்மதித்தாரே" என்பீர்கள். புராஜெக்டுக்குத்தானே சம்மதித்தார்?

இங்கேதான் பலர் குழியில் விழுகிறார்கள். நோட்டீஸ் வந்தபிறகு பெரியவரைத் தேடிப்போய், பழைய தேதி போட்ட சம்மதக் கடிதத்தில் கைநாட்டு வாங்குவார்கள். பணத்தோடு முடிய வேண்டியது போலி ஆவண வழக்காகிவிடும். அடுத்தது, மகனுக்கு வாட்ஸப்பில் "தெரியாமல் செய்துட்டேன் அண்ணா" என்று வாய்ஸ் அனுப்புவது. அதையே உங்களுக்கு எதிராகப் போடுவார்கள். மூன்றாவது, மகன் கையில் ரொக்கத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது. உரிமை அப்பாவுடையது, அவர் நாளைக்கே தனியாகச் சத்துவாச்சாரி கோர்ட்டில் நிற்கலாம்.

கடைக்குக் கொடுத்த பில்லையும் பாருங்கள். 'அனுமதி பெறப்பட்டது' என்று எழுதியிருந்தால், கடைக்காரர் கட்டும் தொகையையும் உங்களிடமே கேட்பார்.

சமரசமாகப் போங்கள். 2 லட்சம் கேட்கும் தொகை, கிடைக்கும் தொகையல்ல. ஆனால் 8,000-க்குக் குறைவாகப் பேச்சைத் தொடங்காதீர்கள். கடைக்காரரையும் உட்கார வைத்து அவர் பங்கைப் போடச் சொல்லுங்கள். பணம் பெரியவரின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்பதை அவருக்குப் படித்துக்காட்டி, இரண்டு சாட்சி முன்னால் கையெழுத்து வாங்குங்கள். விற்காத காலண்டர்களைத் திரும்ப எடுப்பதும், கல்லூரிக் கண்காட்சியில் மட்டும் படத்தை வைக்கலாம் என்பதும் அதே தாளில் வரட்டும். நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் பதில் வக்கீல் மூலமாகவே போகட்டும்.