பிறை பார்க்கத்தானா உலமா சபை?

கேள்வி: அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா என்றொரு சபை இருப்பது நோன்புப் பிறைக்கும் பெருநாள் பிறைக்கும்தான் எங்களுக்கு ஞாபகம் வருகிறது. மற்ற நாட்களில் அதனால் சமூகத்துக்கு என்ன பிரயோசனம்? பேசாமல் மார்க்கத் தீர்ப்புச் சொல்ல அரசாங்கமே ஒரு முஃப்தியை நியமித்துவிட்டால் என்ன?
– வாசகர், புத்தளம்

பதில்: பிறையை ஏன் இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டீர்கள்? பிறை மாதத்தின் 29ஆம் நாள் மஃரிப் (அந்தித் தொழுகை) முடிந்த பிறகு கொழும்பு பெரிய பள்ளிவாசலில் ஆலிம்களும் (மார்க்க அறிஞர்கள்) பள்ளிவாசல் பிரதிநிதிகளும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்கள அதிகாரிகளும் கூடி உட்காருகிறார்கள். நாலா பக்கமிருந்தும் தொலைபேசி வருகிறது. கண்டது யார், எத்தனை பேர், எந்தத் திசையில், எவ்வளவு நேரம் நின்றது என்று குறுக்குக் கேள்வி நடக்கிறது. இங்கே வீட்டில் உம்மாமார், பெருநாள் வட்டிலப்பத்துக்கு முட்டை உடைப்பதா, நோன்பு பிடிக்க இன்னொரு ஸஹர் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டுவதா என்று வானொலி முஸ்லிம் சேவையைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அந்த அறிவிப்பு வந்ததும் பெரும்பாலான ஊர்கள் அதை ஏற்றுக்கொள்கின்றன. எப்போதும் அல்ல. 2013இல் கிண்ணியாவில் பிறை கண்டதாகச் சொன்னவர்களின் சாட்சியம் ஏற்கப்படவில்லை. அங்கே பலர் ஒரு நாள் முந்திப் பெருநாள் கொண்டாடினார்கள். அவர்களைப் பிடிக்கப் பொலிஸ் வரவில்லை. வரவும் முடியாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. 1924இல் தொடங்கிய இந்தச் சபைக்கு 2000ஆம் ஆண்டில் பாராளுமன்றம் 51ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட அந்தஸ்து கொடுத்தது உண்மை. ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதன் கையில் இல்லை. சனங்கள் கேட்டு நடந்தால் உண்டு, நடக்காவிட்டால் இல்லை. அரசாங்கம் நியமிக்கும் முஃப்தி என்றால் அவர் நியமனக் கடிதத்தைக் கொடுத்த அமைச்சரின் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டி வரும்.

2020 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் அரசாங்கம் கேட்கவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்கள் டிசம்பரில் தள்ளுபடியாயின. பிறந்து இருபது நாளான குழந்தையைக்கூட எரித்தார்கள். எதிர்ப்பைக் காட்ட, கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் ஆட்கள் வெள்ளைத் துணி கட்டிவிட்டுப் போனார்கள். அந்த நாட்களில் அரசாங்கச் சம்பளம் வாங்கும் முஃப்தி ஒருவர் இருந்திருந்தால் அவரிடம் எப்படியான பத்வாவை (மார்க்கத் தீர்ப்பை) கேட்டு வாங்கியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2021 மார்ச்சில்தான் கிழக்கே ஓட்டமாவடியில் அடக்க இடம் கிடைத்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனாஸாக்கள் அங்கே போயின. மாற்று மதத்தவர்களின் உடல்களும் அதில் உண்டு. நிலம் கொடுத்தது ஊர், முன்னின்றதும் ஊர்.

அப்புறம், மற்ற நாட்களில் என்ன வேலை என்று கேட்டீர்கள். கிளை ஆலிம்களிடம் வருவதில் பாதி சொத்துக் கணக்கும் குடும்பச் சண்டையும்தான். ஒருவர் மௌத்தாகிறார், மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்மார். மனைவிக்கு எட்டில் ஒன்று, மிச்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகள்மாருக்கு ஆளுக்கொரு பங்கு. இதுவரை கணக்கு லேசு. ஆனால் கிழக்கில் கலியாணத்தின்போதே மகளுக்கு வீடு கொடுத்துவிடுவார்களே, அந்த வீடு வாப்பா உயிரோடு கொடுத்த ஹிபாவா (அன்பளிப்பா), இல்லை இப்போது பங்கு போட வேண்டிய சொத்தா? சகோதரன் ஒன்று சொல்வான், மச்சான் இன்னொன்று சொல்வார். வழக்குக்குப் போனால் பேரப்பிள்ளை காலத்திலும் முடியாது. ஒரு மௌலவி இரண்டு இரவுகளின் இஷா வேளைகளை அதில் செலவழித்து, தேத்தண்ணியோடு தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போவார். இது செய்தியாக வராது. அதனால்தான் உங்களுக்குப் பிறை மட்டும் தெரிகிறது.

சபையே கொடுத்துவந்த ஹலால் சான்றிதழ் விவகாரத்திலும் அதை நான் குறை சொல்லமாட்டேன். கடும்போக்கு பௌத்த அமைப்புகளின் எதிர்ப்புக் கூச்சல் உச்சத்துக்குப் போனபோது, 2013 மார்ச்சில், உள்ளூர்ச் சந்தைப் பொருட்களில் ஹலால் இலச்சினை வேண்டாமென ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அந்த வேலையே தனி நிறுவனத்திடம் போனது. சரணாகதி என்று அன்று பலர் ஏசினார்கள். கையில் இருக்கும் அதிகாரத்தைத் தானாகக் கீழே வைத்த மத அமைப்புகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதால் எனக்கு அது சரியாகவே படுகிறது. அதற்குப் பலன் கிடைத்ததா என்றால், 2014 ஜூனில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் அளுத்கம எரிந்தது. அது வேறு கதை.

இனி, உலமா சபையைப் புகழ மட்டும்தான் இந்தப் பக்கம் என்று யாரும் நினைத்துவிடாமல் இருக்க, முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்துக்கு வருகிறேன். 1951இல் வந்த சட்டம். திருமணப் பதிவுக்கு மணமகளின் கையெழுத்து அதன்படி தேவையில்லை. அவளுடைய வலி, அதாவது வாப்பா போன்ற ஆண் பொறுப்பாளர், கையெழுத்திட்டால் போதும். ஆகக் குறைந்த திருமண வயதை அது நேராகச் சொல்லவில்லை; பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த சிறுமி என்றால் முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியான காதியின் அனுமதி வேண்டும் என்கிறது. பெண்கள் காதியாக முடியாது. இதைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள். ஒன்பது வருடம் பேசி, 2018 ஜனவரியில் அறிக்கை கொடுத்தபோது குழு இரண்டாகப் பிரிந்திருந்தது. ஜம்இய்யாவின் தலைவர் இருந்த தரப்பு பெண் காதிகளை ஏற்கவில்லை.

இங்கே பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபில்) இடமில்லை என்பது அவர்கள் வாதம். சரி. ஹுதூத் (மார்க்கமே தண்டனையை வரையறுத்த குற்றங்கள்) போன்றவை அல்லாத வழக்குகளில் பெண் நீதிபதியாகலாம் என்ற, ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூஹனீஃபாவின் கருத்தை இந்த ஆலிம்கள் மத்ரஸாவிலேயே ஓதியிருப்பார்கள். மலேசியாவிலும் பலஸ்தீனத்திலும் ஷரீஆ நீதிமன்றங்களில் பெண்கள் நீதிபதிகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். மலேசியாவும் ஷாபி நாடுதான்.

காதி நீதிமன்றம் என்று நாம் சொல்வது பல ஊர்களில் காதியாரின் வீட்டு விறாந்தை. சட்டத்தரணி வைக்க முடியாது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் பிள்ளை, ஆண்கள் நிறைந்த இடத்தில், தனக்கும் புருஷனுக்கும் இடையில் நடந்ததைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கேட்பவரும் ஆண், பக்கத்தில் இருக்கும் ஜூரிகளும் ஆண்கள். அவள் பாதியை விழுங்கிவிடுவாள். விழுங்கிய பாதியில்தான் பெரும்பாலும் வழக்கு இருக்கும். பாகப்பிரிவினைக்கு இரண்டு இரவு உட்காரும் சபை, இந்தப் பிள்ளைகளை அழைத்து உட்கார வைத்து ஒரு முழு நாள் கேட்டிருக்க வேண்டாமா? மார்க்கத்தைக் காக்கும் பொறுப்பு ஆலிம்களுடையதுதான். அதற்காக அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு வரியையும் காப்பது மார்க்கமாகிவிடாது. அதை எழுதியது பாராளுமன்றம்.

ஆகவே அரசாங்க முஃப்தி வேண்டாம். உங்கள் புத்தளத்திலேயே ஜம்இய்யாவுக்குக் கிளை இருக்கிறது. ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு மரியாதையாகப் போய் ஸலாம் சொல்லி, “காதிகளிடம் அலைந்த பெண்களை நீங்கள் கடைசியாக அழைத்துக் கேட்டது எப்போது ஹஸ்ரத்?” என்று கேளுங்கள். வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. என்ன பதில் கிடைத்தது என்று எங்களுக்கு எழுதுங்கள், வெட்டாமல் பிரசுரிக்கிறோம்.

– ஆசிரியர்