ஒரு வாரம் 89, மறு வாரம் 101: கோல்ஃப் கேள்வி–பதில்

என் ஹேண்டிகேப் 19. ஒரு ஞாயிறு 89 அடிக்கிறேன், அடுத்த ஞாயிறு 101. கோச்சிடம் காட்டினால் ஸ்விங்கில் குறையில்லை என்கிறார். எதைத்தான் சரிசெய்வது? – எஸ்.வி., சென்னை

முதலில், ஹேண்டிகேப் (பாருக்கு, அதாவது மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகளுக்கு மேல் கிடைக்கும் சலுகை அடிகள்) என்பது உங்கள் சராசரி அல்ல. 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறை கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8-ஐ மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ஒரு குழியில் எத்தனை அடித்தாலும் நெட் டபுள் போகிக்கு (பாருக்கு இரண்டு அடி கூடுதல், அதோடு அந்தக் குழிக்கான உங்கள் சலுகை அடி) மேல் கணக்கில் ஏறாது. எனவே பார் 72, ரேட்டிங்கும் (மைதானத்தின் கடினத்தைக் காட்டும் எண்) அதை ஒட்டிய மைதானத்தில், 19 வைத்திருப்பவர் பெரும்பாலும் 94, 95 அடிப்பதுதான் இயல்பு. 89 உங்கள் நல்ல நாள்.

இப்போது அந்த 101 அட்டையை எடுங்கள். கூடுதலான 12 அடியும் 18 குழிகளில் பரவியிருக்காது; மூன்று, நான்கு குழிகளில் 8, 9 என்று குவிந்திருக்கும். அவை கெட்ட விதமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். டிரைவரால் (நெடுந்தூர கிளப்) அடித்த பந்து மரங்களுக்குள் போகிறது. இரண்டு கிளைகளுக்கு நடுவே தெரியும் சந்தில் ஹைப்ரிட் என்ற இன்னொரு கிளப்பால் ஓர் அடி. அது மரத்தில் பட்டு இன்னும் உள்ளே. பிறகுதான் பக்கவாட்டில் வெளியே வருகிறீர்கள். முதல் அடிக்கு ஸ்விங்கைக் குறை சொல்லலாம். இரண்டாவது முழுக்க உங்கள் முடிவு. பயிற்சி ரேஞ்சில் மரம் இல்லாததால் கோச் இதைப் பார்த்திருக்க மாட்டார்.

எல்லாக் குழியிலும் போகி (பாருக்கு ஓர் அடி கூடுதல்) அடித்தாலே 90. அதாவது 380 கெஜ பார் 4-இல் மூன்றாவது அடியில் கிரீனை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) எட்டினால் போதும். 190, பிறகு 150 என்று போனால் மிச்சம் 40 கெஜம்தான். இதற்கு டிரைவரே தேவையில்லை. ஆனால் உங்கள் டிரைவர் ஆட்டத்துக்குள்ளேயே நிற்கிறது என்றால் தாராளமாக எடுங்கள். கிரீனை நெருங்குவதில் எந்தத் தவறும் இல்லை.

மரத்தடியில் மாட்டினால் 7 அயர்ன். பந்தை வலது காலை ஒட்டி வைத்து இடுப்பளவு ஸ்விங் (வலக்கைக்காரருக்குச் சொல்கிறேன்). வெட்ஜ் எடுத்தால் பந்து எழுந்து கிளையில் மாட்டும். இன்னொரு தவறும் சகஜம்: வேகம் கூடி, பந்து ஃபேர்வேயை (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிய புல்பாதை) குறுக்காகக் கடந்து எதிர்ப்பக்க மரங்களுக்குள் ஓடிவிடும். ஃபேர்வேயின் நடுவில் நிற்கும் அளவுக்கே அடியுங்கள்.

அடுத்த ஐந்து சுற்றுகளுக்கு அட்டையின் ஓரத்தில் நான்கு கணக்கு மட்டும் வையுங்கள்: பெனால்ட்டி, ஒரே அடியில் வெளிவராத மரம் அல்லது பங்க்கர் (மணல் பள்ளம்), 30 கெஜத்துக்குள்ளிருந்து நான்கு அடி ஆனது, மூன்று பட் (கிரீனில் உருட்டும் அடி). எது அதிகமோ அதுதான் உங்கள் பயிற்சி.

என் 7 அயர்ன் 150 கெஜம் போகும். ஆனால் கிரீனுக்கு முன்னாலேயே விழுகிறது. ஏன்? – ஆர்.எம்., திருச்சி

ஏனென்றால் 150 நீங்கள் அடித்ததிலேயே சிறந்த அடி. அதிலும் உருண்ட தூரம் சேர்ந்திருக்கும். பந்து காற்றில் போய் விழும் தூரமே கணக்கு. 7 அயர்னால் 20 பந்து அடித்து, நன்றாகப் போன மூன்றையும் மோசமான மூன்றையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள். 136 என்று வந்தாலும் வியக்க வேண்டாம். தேய்ந்த ரேஞ்ச் பந்துகள் இன்னும் குறைவாகவே போகும் என்பதால், முடிந்தால் மைதானத்திலேயே அளப்பது நல்லது.

பிறகு கொடியை மறந்துவிடுங்கள். கிரீனின் முன் விளிம்பு 138, கொடி 143, பின் விளிம்பு 162 என்றால் 150-க்கான கிளப்பை எடுங்கள். கொஞ்சம் சரியாகப் படாவிட்டாலும் முன் விளிம்பைத் தாண்டும். பங்க்கரும் தண்ணீரும் பெரும்பாலும் கிரீனுக்கு முன்னால்தான் இருக்கின்றன.

கிரீன் ஓரத்திலிருந்து சிப் (சற்றே பறந்து உருளும் குட்டி அடி) செய்தால் ஒன்று தரையைக் கொத்துகிறது, இல்லையென்றால் பந்தின் வயிற்றில் பட்டு மறுபக்கம் ஓடுகிறது. – டி.கே., கோலாலம்பூர்

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று மணிக்கட்டைச் சுண்டுகிறீர்கள், உடல் எடையும் பின்காலில் தங்கிவிடுகிறது. கிளப் தன் மிகத் தாழ்ந்த புள்ளியைப் பந்துக்கு முன்பே தொட்டுவிடுகிறது. அங்கே தரையில் பட்டால் கொத்து. தப்பி மேலெழுந்தால் பந்தின் நடுவில். மழைக்குப் பின் ஈரத்தரையில் 56 டிகிரி வெட்ஜோடு இதைச் செய்தால் நிலைமை இன்னும் மோசம்.

எடையில் மூன்றில் இரண்டு பங்கை இடது காலில் வைத்து, அடித்து முடியும்வரை அங்கேயே விடுங்கள். பாதங்கள் நெருக்கமாக, பந்து நடுவிலிருந்து சற்றுப் பின்னால், கைகள் பந்துக்குச் சற்று முன்னால். பட் செய்வதுபோலத் தோள்களால் ஆட்டுங்கள்.

கிளப்பைத் தேர்வதற்கு ஒரு கணக்கு: சமதளக் கிரீனில் பிட்ச்சிங் வெட்ஜ் ஒரு பங்கு பறந்தால் இரண்டு பங்கு உருளும். 9 அயர்ன் மூன்று, 8 அயர்ன் நான்கு, 7 அயர்ன் ஐந்து. குழி 12 தப்படி தூரத்தில் இருக்கிறது, விளிம்பைத் தாண்டி மூன்றாவது தப்படியில் பந்து விழலாம் என்றால் மீதி ஒன்பது. ஆகவே 9 அயர்ன். ஏற்றமானால் ஒரு எண் குறைத்து 8, இறக்கமானால் பிட்ச்சிங் வெட்ஜ்.

பந்து தொலைந்ததா இல்லையா என்று தெரியாமல் தேடப்போய், திரும்பி டீக்கு (முதல் அடி அடிக்கும் இடம்) நடக்க வேண்டியிருக்கிறது. – பி.ஜே., கோவை

சந்தேகம் வந்தால் தேடப் போகும் முன்பே இன்னொரு பந்தை அடியுங்கள். ‘புரொவிஷனல்’ (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டப் பந்து, முதல் பந்து கிடைத்தாலும் பயனில்லை. தேட 3 நிமிடம்தான். பந்து பெனால்ட்டி ஏரியாவில் (குளம், ஓடை போலக் குறித்து வைத்த இடம்) விழுந்தது உறுதி என்றால் புரொவிஷனல் கிடையாது. சில மைதானங்களில் இரண்டு அடி பெனால்ட்டியோடு ஃபேர்வே ஓரத்தில் பந்தை விட உள்ளூர் விதி உண்டு. ஆடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று பட்டைக் குறைக்க வழி? – என்.எல்., சிங்கப்பூர்

திசையைவிடத் தூரம் முக்கியம். 30 அடி தூரப் பட்டில் பக்கவாட்டில் ஓரிரு அடிக்கு மேல் விலகுவது அபூர்வம். தூரத்தில்தான் ஆறு, ஏழு அடி தவறுகிறோம். 8 அடி தூரத்திலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்களே பாதிதான் போடுகிறார்கள். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் 5, 10, 15 தப்படியிலிருந்து குழியை விட்டுவிட்டுக் கிரீனின் விளிம்பை நோக்கி உருட்டுங்கள். பெர்முடா என்ற புல்வகை வளர்ந்த கிரீனில் புல் பளபளப்பாகத் தெரியும் பக்கம் பந்து வேகமாக ஓடும், மங்கலாகத் தெரிந்தால் தயங்கும்.

அடுத்த மாதம் ஊட்டியில் ஆடப் போகிறோம். கிளப்பை மாற்ற வேண்டுமா? – பி.ஜே., கோவை

ஆமாம். 7,000 அடிக்கு மேலான உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து சுமார் 8 சதவீதம் கூடுதலாகப் போகும். 136 அங்கே 146 ஆகலாம். ஆனால் காலைக் குளிரில் அதில் ஒரு பகுதி போய்விடும். முதல் நான்கைந்து குழிகளுக்கு ஊர்க்கணக்கிலேயே ஆடுங்கள், வெயில் ஏறியபின் ஒரு கிளப் குறையுங்கள் (7 அயர்னுக்குப் பதில் 8). சிப், பட் இரண்டுக்கும் உயரம் பொருட்டே இல்லை.