நல்லா தூங்கியும் காலைல எழும்போதே அசதியா இருக்கு, ரெண்டு மாசமா இப்படித்தான். டாக்டர்கிட்ட போகணுமா?

போயிடுங்க. தூக்கம் சாப்பாடு சரியா இருந்தும் ரெண்டு மூணு வாரத்துக்கு மேல அசதி விடலன்னா சத்துமாவு கஞ்சி குடிச்சு பாக்கலாம்னு நாள கடத்தக்கூடாது, எங்க அக்கா விஷயத்துல நாங்க அதத்தான் பண்ணோம்.

ஒரு வருஷமா "உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குடி"ன்னு சொல்லிட்டே இருந்தா. ரெண்டு புள்ளைங்க, வேலைக்கும் போறா, அதான்னு விட்டுட்டோம். ஒரு தடவ லீவுக்கு போனப்ப பாக்குறேன், அடுப்படில நின்னு பேசிக்கிட்டே டப்பால கைய விட்டு ஒரு பிடி பச்சரிசி அள்ளி வாயில போட்டு நறுக்கு நறுக்குன்னு மெல்லுறா. இத டாக்டர்கிட்ட சொன்னதும் அவங்க கீழ் இமைய இழுத்து பாத்தாங்க, உள்ள சிவப்பே இல்ல, வெளுத்துப்போய் இருந்துச்சு. இரும்புச்சத்து ரொம்ப குறைஞ்சா அரிசி, சாம்பல், ஐஸ்னு திங்கத் தோணுமாம். ஹீமோகுளோபின் 7.1. பொம்பளைங்களுக்கு 12க்கு கீழ போனாலே ரத்தசோகைதான்.

மாத்திரை மட்டும் குடுத்து அனுப்பல, ரத்தம் எங்க போகுதுன்னு பாக்கணும்னு ஸ்கேன் எடுத்தாங்க, கர்ப்பப்பைல ஃபைப்ராய்டு கட்டி. மாசாமாசம் ஏகப்பட்ட ரத்தம் போனத அவ எங்க யார்கிட்டயும் சொல்லவே இல்ல, நினைச்சா இப்பவும் மனசு கேக்கல. தயவுசெஞ்சு நீங்க பொண்ணா இருந்தா ஒரு நாளைக்கு எத்தன பேட் மாத்துறீங்கன்னு கணக்கு எழுதி எடுத்துட்டு போங்க. ஆம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் குறைஞ்சா இன்னும் உஷாரா இருக்கணும், குடல்ல எங்கயாவது ரத்தம் கசியலாம்.

அயர்ன் மாத்திரை போட்டா மலம் கருப்பா போகும், அதுக்கு பயந்து நிறுத்தாதீங்க, டீ காபியோட சேத்து போடாதீங்க.

ரத்தசோகை மட்டும்தான்னு இல்ல. சுகர், தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு (சைவக்காரங்களுக்கும், மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரைய ரொம்ப நாளா எடுக்குறவங்களுக்கும் வரலாம்), எல்லாத்துலயும் அசதி வரலாம், ரத்த டெஸ்ட்ல பாத்துடலாம். பலமா குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு நின்னு வந்தா எட்டு மணி நேரம் படுத்தும் தூங்கின மாதிரியே இருக்காது, இது உங்களுக்கு தெரியாது, கூட படுக்குறவங்கள கேளுங்க. எதுலயும் பிடிப்பே இல்லாம அழுகையா வந்தா அதையும் கூச்சப்படாம சொல்லுங்க, 14416 டெலி மானஸ்ங்கிற அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர்ல தமிழ்லயே பேசலாம்.

காரணமில்லாம எடை குறையுது, சாயங்காலமானா காய்ச்சல் வருது, இருமல் ரெண்டு வாரமா நிக்கலன்னா இந்த வாரமே போங்க. நெஞ்சு வலி, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குறது, மயக்கம் இருந்தா இன்னிக்கே கிளம்புங்க.