காலிங்கராயன் கரையில் ஒரு நாள் நடை: எந்தப் பகுதி, எவ்வளவு தூரம்?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: கம்பெனி நண்பர்கள் குடும்பத்தோடு இருபது பேர், குழந்தைகளும் அறுபது தாண்டிய அத்தை ஒருவரும் உண்டு, மலையேற்றம் ஒத்துவராது, காலிங்கராயன் வாய்க்கால் ஓரமாக ஒரு நாள் நடக்கலாமா, எங்கே தொடங்குவது?

தாராளமாக நடக்கலாம். ஏற்றமே கிடையாது. பவானிக்குப் பக்கத்தில் பவானி ஆற்றைத் தடுத்து, ஈரோட்டுக்குப் பக்கத்து வெள்ளோட்டைச் சேர்ந்த கொங்குத் தலைவர் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால் இது. வேலை 1283இல் முடிந்தது என்பார்கள். மேட்டில் ஏறாமல், பள்ளத்தில் சட்டென்று இறங்காமல், நிலத்தின் வாட்டத்தைப் பிடித்துக்கொண்டே போய், கொடுமுடியைத் தாண்டி ஆவுடையார்பாறை பக்கம் நொய்யலில் சேர்கிறது. பாம்பு ஊர்ந்த தடத்தைப் பார்த்து வெட்டினார் என்ற கதை அந்த வளைவுகளைப் பார்த்தால் தானாகவே நம்பத் தோன்றும்.

உங்கள் திட்டத்தைக் கெடுப்பதும் இந்த வளைவுதான். நேராகப் போனால் சுமார் 36 மைல் தூரத்தை வாய்க்கால் 56 மைலாக, அதாவது 90 கிலோமீட்டராகச் சுற்றிப் போகிறது. அதனால் ரோட்டில் ஆறு கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டுக் கிளம்பினால் கரையில் ஒன்பது ஆகிவிடலாம், அதுவும் வெயில் ஏறின பிறகுதான் தெரியவரும். போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, வாய்க்காலின் ஒவ்வொரு வளைவையும் தொட்டுத் தொட்டு அளந்துகொள்ளுங்கள். உங்கள் கூட்டத்துக்கு ஏழெட்டு கிலோமீட்டர் போதும். உட்கார்ந்து எழுந்து போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

எந்தப் பகுதி என்றால், ஊஞ்சலூர், கொடுமுடி பக்கம். வாய்க்கால் தொடங்கும் அணைக்கட்டிலிருந்தே நடக்க ஆசை வரும், ஆனால் அங்கிருந்து இறங்கினால் ஈரோட்டு நகரம் வந்துவிடும், சாயக் கழிவும் தோல் கழிவும் வாய்க்காலை என்ன பாடுபடுத்தின என்பது ஊரறிந்த விஷயம், குழந்தைகளோடு மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்க வேண்டாம். காலையில் வண்டியில் அணைக்கட்டை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, நகரத்தை விட்டுத் தாண்டி வந்து இறங்குங்கள். அணையைப் பார்க்காமலே நடப்பதானால் இன்னும் வசதி: ஈரோடு–கரூர் ரயில் பாதையில் பாசூர், ஊஞ்சலூர், கொடுமுடி மூன்றிலும் ஸ்டேஷன் உண்டு, பாசஞ்சர் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் ஓரிடத்தில் இறங்கி இன்னோரிடத்தில் ஏறிவிடலாம், வண்டி விட்ட இடத்துக்குத் திரும்பி நடக்கிற வேலை மிச்சம்.

காலம்? தையும் மாசியும். மஞ்சள் வெட்டி வேகவைக்கிற பருவம், கரையெல்லாம் அந்த வாசனைதான். கோடையில் பராமரிப்புக்காகத் தண்ணீரை நிறுத்துவார்கள், காய்ந்த வாய்க்காலைப் பார்க்க யாரும் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

காலை ஆறரைக்கு நடக்கத் தொடங்கிவிடுங்கள். கரை நெடுக நிழல் இருக்காது, தென்னந்தோப்பு வந்தால்தான். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள், புல் மூடிய இடத்தில் பாம்பு இருக்கலாம். முன்னால் வழி பார்க்க ஒருவர், கடைசியில் அத்தையோடு ஒருவர், நடுவில் குழந்தைகள். கரையில் டூவீலர்களும் டிராக்டர்களும் வரும். ஒன்று கண்டிப்பு: தண்ணீர் ஓடும்போது யாரும் இறங்கக் கூடாது. கான்கிரீட் போட்ட சரிவில் பாசி பிடித்திருக்கும், நீச்சல் தெரிந்தவருக்கும் ஏறப் பிடிமானம் கிடைக்காது. மதகுப் பலகையில் நின்று செல்ஃபி எடுப்பதும் வேண்டாம்.

பலர் யோசிக்காதது கழிப்பறை. கரையில் எதுவும் கிடையாது. ஸ்டேஷனிலோ ஊருக்குள்ளோ முடித்துக்கொண்டு கிளம்புங்கள், நடுவில் ஏதாவது ஊர் வருகிற மாதிரி பாதையைப் போடுங்கள், பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நடக்கிற நிலை வரக்கூடாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிதண்ணீர். கட்டுச்சோறு சாப்பிடத் தோப்புக்குள் உட்கார்வதானால் சாளையில் (தோட்டத்து வீட்டில்) ஆள் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், “உட்காருங்க, அதுக்கென்ன” என்றுதான் சொல்வார்கள், கேட்காமல் போனால்தான் சங்கடம். எச்சில் இலையை வாய்க்காலில் போடாதீர்கள், கீழே மடை கட்டுகிறவர் வயலில்தான் போய் நிற்கும்.

தன் வம்சத்தார் இந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டுக் காலிங்கராயன் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் போய்விட்டதாக ஒரு கதை இருக்கிறது, இளைப்பாறும்போது குழந்தைகளுக்குச் சொல்லலாம்.

தை 5 காலிங்கராயன் தினம், அணைக்கட்டுப் பக்கம் கூட்டம் இருக்கும். அமைதியாகப் பார்க்க வேண்டுமானால் அதற்கு அடுத்த ஞாயிறு வையுங்கள்.